ஏழாம் நம்பர் பதில் சொல்லாத பத்து நிமிடம்

என்னைக் கூப்பிட்டது எனக்குக் கேட்டது. பிறகு ஏன் பதில் சொல்லாமல் இருந்தேன்?

மூன்று வருடத்துக்கு மேல் ஆகிறது. பாத்திரம் துலக்கும்போதும், வேப்பம்பட்டு ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கும்போதும் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. ஒவ்வொரு முறையும் ஒரு பதிலைக் கண்டுபிடித்து வைப்பேன். அடுத்த முறை அது பொருந்தாது.

கூப்பிட்டவர் கஸ்தூரி அக்கா. இடம், காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயில். அவர் என் பெயரைக்கூடச் சொல்லவில்லை. "ஏழு! அடியே, ஏழு எங்கடீ?" என்றுதான் கத்தினார்.

நான் அப்போது கருவறையைச் சுற்றிப் போகும் குறுகலான கல் சந்துக்குள், இருட்டில், சுவரில் முதுகைச் சாய்த்து நின்றிருந்தேன். அவருக்கும் எனக்கும் நடுவில் பத்தடிகூட இருக்காது. "இதோ வரேன்க்கா" என்று சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை.

மகள் சஞ்சுவின் சளியைப் பற்றிச் சில வாரங்களுக்கு முன் இந்தப் பகுதியில் எழுதியதைப் படித்துவிட்டு ஆவடி வாசகி ஒருவர் கேட்டிருந்தார்: "இவ்வளவு பயப்படுகிறீர்களே, குழந்தையை விட்டுவிட்டு ஒரு நாளாவது வெளியே போயிருக்கிறீர்களா?" போயிருக்கிறேன். ஒரே ஒரு நாள்.

எனக்கு ஏன் ஏழு

அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டிகளுக்கு வயர் கட்டும் கம்பெனி ஒன்றில் எனக்கு வேலை. ஒரு நீளமான மேசை. அதன் ஓரமாகப் பத்துப் பெண்கள் வரிசையாக நிற்போம். ஒவ்வொருவர் நிற்கும் இடத்துக்கும் ஒரு நம்பர் உண்டு. ஏழாம் நம்பருக்கு வயர்க் கட்டில் டேப் சுற்றும் வேலை.

திருவேற்காட்டிலிருந்து வரும் கஸ்தூரி அக்கா எங்கள் லைன் லீடர். ஷிஃப்ட் தொடங்கும்போது நம்பரைச் சொல்லிக் கூப்பிடுவார். "வந்தாச்சு" என்று நாங்கள் சொல்ல வேண்டும். பத்தும் வந்தால்தான் லைன் ஓடும். யாராவது பாத்ரூமில் இருந்தால் அவருக்குப் பதிலாக இன்னொருத்தி "வந்தாச்சு" சொல்லக்கூடாது. அதில் மட்டும் அக்கா கண்டிப்பு.

சஞ்சு வயிற்றில் இருந்தபோது வேலையை விட்டேன். அப்புறம் அந்த இடத்துக்கு யார் யாரோ வந்தார்களாம். யாரும் நிலைக்கவில்லை. "ஏழுல நிக்கிற பொண்ணுங்க ஏழு நாள் தாங்க மாட்றாளுங்க" என்று அக்கா போனில் சொல்வார். சிரித்துக்கொண்டே கேட்பேன். போனை வைத்த பிறகு கை சும்மா இருக்காது. துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருக்கும்.

வருடத்துக்கு ஒருமுறை லைன் முழுவதும் வேன் பிடித்து ஒரு நாள் டூர் போவது வழக்கம். சஞ்சுவுக்கு ஒன்றே முக்கால் வயது நடந்தபோது அக்கா கூப்பிட்டார்.

"காஞ்சிபுரம் போறோம். நீயும் வர்ற."

"நான் இப்ப லைன்ல இல்லையேக்கா."

"யார் சொன்னா? ஒன்பது பேரை வச்சிகினு நான் எங்கடீ போறது? ஏழு வந்தாத்தான் வண்டி கெளம்பும்."

வேப்பிலையை நக்கிய பிள்ளை

போவதா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். காரணம் பால்.

சஞ்சு அப்போது இன்னும் தாய்ப்பால் குடித்துக்கொண்டிருந்தாள். சோறு, இட்லி எல்லாம் சாப்பிடுவாள். ஆனாலும் தூங்கப் போகும்போதும் எழுந்ததும், விழுந்து அடிபட்டாலும், வாசலில் நாய் குரைத்தாலும் அவளுக்கு அது வேண்டும். தெருவில் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். "இன்னுமா குடுக்குற?" என்று கேட்கும் குரலை இரண்டு வீடு தள்ளியே அடையாளம் கண்டுகொள்வேன். ரெண்டு வயது வரை கொடுக்கலாம் என்று ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரம்மா சொல்லியிருந்தார். அதை நான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஒருமுறை எல்லோர் வாயையும் அடைக்க வேப்பிலை அரைத்துத் தடவிப் பார்த்தேன். சஞ்சு வாயை வைத்தாள். முகத்தைச் சுளித்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு முந்தானையால் தானே துடைத்துவிட்டுக் குடித்தாள். எனக்கு வந்த சந்தோஷத்தை யாரிடமும் சொல்லவில்லை.

பால் மறக்கடிக்க வேண்டும் என்று நினைத்து நான் காஞ்சிபுரம் போகவில்லை. இதை நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். ஒரு நாள் போய்விட்டு வந்து மறுபடி கொடுப்பதாகத்தான் இருந்தேன்.

என் கணவர் லீவு போட்டுப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். இரண்டு பக்கத்துக்கு எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினேன். எத்தனை மணிக்கு என்ன தர வேண்டும், எந்தத் தம்ளரில் தண்ணீர், அழுதால் முதலில் எதைச் செய்ய வேண்டும், அதற்கும் அழுதால் எதை.

அவர் படித்துவிட்டுச் சிரித்தார். "போய்ட்டு வா உமா. நான் இன்னா பக்கத்து ஊட்டுக்காரனா?"

விடியும் முன்பு கிளம்பினேன். போட்டிருந்த பூப்போட்ட நைட்டியைக் கழற்றிக் கட்டில்மேல் போட்டுவிட்டுப் புடவை கட்டினேன். மடித்து வைக்கக்கூட நேரமில்லை. சஞ்சு குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். தொட்டால் எழுந்துவிடுவாள் என்று தொடாமல் வந்தேன். தொட்டிருக்கலாமோ என்று ரயிலில் ஆவடி வருவதற்குள் நாலு தடவை நினைத்திருப்பேன். ஆவடியிலிருந்து ஷேர் ஆட்டோ. பூந்தமல்லியில் வேன் நின்றது. நான் ஏறி உட்காரும் முன்பே அக்கா விசிலை எடுத்துவிட்டார்.

"ஒண்ணு!"

"வந்தாச்சு!"

ஏழு என்றபோது என் குரல் எனக்கே கொஞ்சம் அதிகமாகக் கேட்டது. பக்கத்தில் இருந்த ஸ்டெல்லா என் தொடையில் தட்டினாள். அவள் ஆறாம் நம்பர். பூந்தமல்லிக்காரி. நான் சுற்றும் டேப்புக்கு வயரை இழுத்துப் பிடித்துத் தருவாள். அந்தக் கையைத் தொட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது.

பத்து நிமிஷ தரிசனம்

கம்பெனியில் டீ குடிக்கப் பத்து நிமிடம். அந்தப் பழக்கத்தில் அக்கா காஞ்சிபுரத்தையும் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்து வைத்திருந்தார். வரதராஜப் பெருமாள் கோயிலில் கல்லிலேயே செதுக்கிய சங்கிலியை அண்ணாந்து பார்த்து வாயைப் பிளப்பதற்குள் விசில்.

"அக்கா, அந்தக் காலத்துல இதச் செதுக்க எத்தினி வருசம் ஆச்சோ. பாக்கக் கொஞ்சம் நேரம் குடுக்கா" என்றாள் ஸ்டெல்லா.

"செதுக்கனவன் லைன்ல நின்னிருந்தா ஒரு வாரத்துல முடிச்சிருப்பான். நட."

தங்கப் பல்லியைத் தொட வரிசையில் நின்றோம். ஸ்டெல்லாவும் நின்றாள். "இன்னாடீ, சர்ச்சுக்குப் போறவ பல்லிய தொட வர்ற" என்று அக்கா கிண்டல் செய்தார். "எங்க ஊட்லயும் பல்லி கீதுக்கா. தங்கத்துல இல்ல. அதான் பாக்கலாம்னு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் எனக்கு மார்பு கனக்கத் தொடங்கியிருந்தது. சஞ்சு எழுந்து முதல் பால் குடிக்கும் நேரம் தாண்டிவிட்டது. அது உடம்புக்குத் தெரிந்திருந்தது.

இட்லி சாப்பிடப் போன கடையில் மந்தாரை இலையில் மிளகும் சுக்கும் மணக்கும் இட்லி வைத்தார்கள். பாதியில் எழுந்தேன். பின்கட்டில் இருந்த பாத்ரூம் வாசலில் ஸ்டெல்லா காவல் நின்றாள். ஒரு தம்ளரில் கொஞ்சம் பீய்ச்சினேன். அதைச் சாக்கடையில் ஊற்ற மனம் வரவில்லை. தாய்ப்பாலைக் கால் படும் இடத்தில் விடக்கூடாது என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். விட்டால் பால் நின்றுவிடுமாம். எனக்கு நம்பிக்கை உண்டா என்று கேட்டால் தெரியாது. ஆனால் கொல்லையில் இருந்த அரளிச் செடியின் வேரைத் தேடிப் போய் ஊற்றினேன்.

வீட்டுக்கு போன் செய்தேன். "நல்லா கீறா. இட்லி சாப்ட்டா" என்றார் கணவர். பின்னால் அவள் குரல் கேட்கவில்லை. கேட்காதது நல்லதா கெட்டதா என்று யோசித்துக்கொண்டே வேனில் ஏறினேன். மறுபடி மறுபடி போன் செய்துவிடுவேன் என்று ஸ்டெல்லா என் போனை வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

மறுபிறவி இல்லாத வழி

கைலாசநாதர் கோயிலில் கூட்டமே இல்லை. புல்தரை, மணல் நிறத்தில் கல், சுற்றிலும் சின்னச் சின்ன அறைகள். தூண்களில் இருந்த சிங்கங்களின் முகம் மழையில் கரைந்து, அழுது முடித்த பிள்ளை முகம் போல இருந்தது.

கருவறைப் பக்கம் உட்கார்ந்திருந்த பெரியவர் சுவரின் கீழே இருந்த ஒரு பொந்தைக் காட்டினார். "தவழ்ந்து உள்ள போங்கம்மா. சாமிய சுத்தி வந்து அந்தப் பக்கம் தவழ்ந்து வெளிய வாங்க. அப்புறம் மறுபிறவி கெடையாது."

"அடுத்த ஜென்மத்துல ஷிஃப்டு கெடையாதா?" என்றார் கஸ்தூரி அக்கா. "தள்ளுங்கடீ, நான் மொதல்ல போறேன்."

எனக்குத் தயக்கமாக இருந்தது. மறுபிறவி இல்லை என்றால் சஞ்சுவுக்கு அடுத்த பிறவியில் யார் அம்மா? இதைச் சத்தமாகக் கேட்டால் சிரிப்பார்கள் என்று கேட்கவில்லை. ஒவ்வொருத்தியாகப் போய் வந்தார்கள். ஸ்டெல்லா மட்டும் தண்ணீர் குடிக்க வேன் பக்கம் போயிருந்தாள். மற்றவர்களும் பெரியவரும் புல்தரைப் பக்கம் நகர்ந்த பிறகு, கடைசியாக நான் குனிந்தேன்.

தவழும்போது மார்பு கல்லில் அழுந்தியது. அவ்வளவுதான். பால் வந்துவிட்டது. ரவிக்கை நனைந்து, புடவை நனைந்து, கீழே கல்லில் சொட்டியது. உள்ளே நிமிர்ந்து நிற்கலாம். நின்றேன். முந்தானையால் கல்லைத் துடைத்தேன். எத்தனையோ பேர் காலும் முட்டியும் படும் கல். துடைக்கத் துடைக்க இன்னும் சொட்டியது.

ஒரு கட்டத்தில் துடைப்பதை விட்டுவிட்டேன்.

கல் சில்லென்று இருந்தது. வௌவால் வாடை. வெளிச்சம் ஒரு மூலையில் மட்டும் தரையில் கிடந்தது. இரண்டு வருடத்தில் முதல்முறையாக என்மேல் யாருடைய கையும் இல்லை. யாரும் புடவையை இழுக்கவில்லை. கனம் குறையக் குறையக் கண்ணை மூடினேன்.

அப்போதுதான் விசில் கேட்டது.

"அஞ்சு!" "வந்தாச்சு!" "ஆறு!" ஸ்டெல்லாவின் "வந்தாச்சு" தூரத்தில், வேன் பக்கத்திலிருந்து வந்தது. "ஏழு!"

நான் பேசவில்லை.

"ஏழு! அடியே, ஏழு எங்கடீ?"

கல்லைத் துடைத்துக்கொண்டிருந்ததால்தான் பதில் சொல்லவில்லை என்று பிறகு அக்காவிடம் சொன்னேன். அது முழு உண்மை இல்லை. அந்த நம்பரை இன்னொரு முறை கூப்பிடட்டும் என்று நின்றேன். நான் இல்லாமல் லைன் ஓடாது என்று இன்னும் கொஞ்சம் நேரம் கேட்க வேண்டும் போல இருந்தது. சஞ்சுவை நான் அந்த நேரத்தில் நினைக்கவே இல்லை. பயந்ததாகவோ ஏங்கியதாகவோ எழுதினால் வாசிக்க நன்றாக இருக்கும். ஆனால் நினைக்கவில்லை.

வெளியே தவழ்ந்து வந்தபோது அக்காவின் முகம் வெளுத்திருந்தது. "உசுரே போச்சு! உள்ள இன்னா புள்ளையா பெத்துகினு இருந்த? பத்து நிமிசம்டீ!"

அதற்குள் ஸ்டெல்லா போனை நீட்டிக்கொண்டு ஓடி வந்தாள். "உன் ஊட்டுக்காரு. மூணு வாட்டி பண்ணாரு. பாப்பா நிறுத்தாம அழுவுதாம்."

திருப்பிக் கூப்பிட்டேன். "ஒண்ணுமில்ல, பயப்படாத" என்றார் அவர். "ஒரு மணி நேரம் அழுதா. இப்ப நிறுத்திட்டா. தூங்கறா."

"எப்ப நிறுத்தினா?"

"இப்பத்தான். ஒரு பத்து நிமிஷம் இருக்கும்."

தலைக்கு இல்லாத மல்லி

அதற்குப் பிறகு பார்த்தது எதுவும் சரியாக நினைவில்லை. கோயில் வாசலில் அக்கா நாலு முழம் மல்லி வாங்கினார். நான் தலையைத் திருப்பிக் காட்டினேன்.

"தலைக்கு இல்லடீ. ரவிக்கைக்குள்ள வச்சிக்க. பால் கட்டிக்கினது கொறையும், வலி தெரியாது."

வலி நிஜமாகவே இருந்தது. வேனின் கடைசி சீட்டில் ஸ்டெல்லா மறைத்துக்கொள்ள, இரண்டு பக்கமும் சுருட்டி வைத்துக்கொண்டேன். குளிர்ச்சியாக இருந்தது. பட்டுக் கடையில், சாப்பாட்டில், ஸ்ரீபெரும்புதூர் தாண்டி வீடு சேரும்வரை அந்தப் பூ அங்கேயே இருந்தது. மல்லி வைத்துக் கட்டினால் பால் வற்றும் என்பது பின்னால்தான் தெரிந்தது. எனக்குத் தெரியாது என்று அக்காவுக்கும் தெரியாது. தெரிந்துதான் வைத்துக்கொள்கிறேன் என்று நினைத்திருக்கிறார்.

வீட்டுக்குள் நுழைந்தபோது ஏழரை மணி. சஞ்சு அப்பாவின் மடியில் உட்கார்ந்திருந்தாள். கையில் என் நைட்டி. காலையில் கட்டில்மேல் போட்டுவிட்டுப் போனது.

"நீ எழுதி வச்சது எல்லாம் பண்ணிப் பாத்தேன். ஒண்ணும் ஆவல. அவளே போய் இத இழுத்துப் போத்திகினு தூங்கிட்டா" என்றார் கணவர்.

நான் ஓடிப்போய்த் தூக்கினேன். கை கால்கூடக் கழுவவில்லை. அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அப்படியே தரையில் உட்கார்ந்து, பூவை எடுத்துப் போட்டுவிட்டு, அவளை மடியில் கிடத்தினேன். முகத்தைக் கொண்டுவந்தாள். மோந்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். மறுபடி மோந்தாள்.

வேப்பிலையைத் துடைத்துவிட்டுக் குடித்த பிள்ளை. அன்று என் முந்தானையை இழுத்து, டப்பாவுக்கு மூடி போடுவது போல, மூடிவிட்டாள். பிறகு நைட்டியைத் தேடி எடுத்து மூக்கருகில் வைத்துக்கொண்டாள்.

மல்லி வாடை போகக் குளித்துவிட்டு வந்து கொடுத்தேன். மறுநாள் கொடுத்தேன். அதற்கு மறுநாளும். குடிக்கவில்லை. கடைசியாகக் குடித்தது காஞ்சிபுரத்துக்கு முந்தின ராத்திரி. அதுதான் கடைசி என்று தெரிந்திருந்தால் அரைத்தூக்கத்தில் இருந்திருக்க மாட்டேன். அவள் முகத்தைப் பார்த்திருப்பேன்.

கொஞ்ச நாள் கழித்து அக்காவிடம் கேட்டேன். "வேணும்னே குடுத்தியாக்கா?"

அக்கா மழுப்பவில்லை. "வலிக்குதுன்னு துடிச்ச, அதுக்குத்தான் குடுத்தேன். பால் நின்னா நீ வேலைக்கு வருவன்னும் நெனச்சேன். ரெண்டும்தான்டீ."

அடுத்த பள்ளிக்கூட வருடம் தொடங்கும்போது வேலைக்குத் திரும்பினேன். இப்போதும் ஏழில்தான் நிற்கிறேன். முதல் தடவை கூப்பிடும்போதே "வந்தாச்சு" சொல்லிவிடுகிறேன். தலையில் மல்லி மட்டும் வைப்பதில்லை.

இப்போது ஒரு காகிதம்

சஞ்சு யுகேஜி படிக்கிறாள். அடுத்த மாதம் பள்ளியில் வண்டலூர் மிருகக்காட்சிச் சாலைக்குக் கூட்டிப் போகிறார்கள். காலை ஏழு மணிக்கு பஸ். மாலை ஆறுக்குத் திரும்பும். பெற்றோர் கையெழுத்துக் கேட்டு ஒரு காகிதம் வந்திருக்கிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் நம்பர் அட்டை கழுத்தில் மாட்டுவார்களாம். மிஸ் நம்பரைக் கூப்பிட்டால் "பிரசன்ட்" சொல்ல வேண்டுமாம்.

எனக்கு அந்த வரியில்தான் கண் நிற்கிறது. கூப்பிடுவது கேட்டும் பதில் சொல்லாமல், எங்காவது நிழலில், தனியாக நிற்கப் பிடித்துப்போய் நின்றுவிட்டால்? என் பெண்தானே அவள்.

அந்த நைட்டி எப்போதோ கிழிந்துவிட்டது. அதில் ஒரு துண்டை இன்னும் தலையணைக்கடியில் வைத்துத்தான் தூங்குகிறாள். பூ எல்லாம் வெளுத்து வெறும் துணியாகிவிட்டது. நேற்று அதை மடித்து அவள் ஸ்கூல் பைக்குள் வைத்துப் பார்த்தேன்.

சஞ்சு வெளியே எடுத்தாள். "இது எதுக்குமா?"

"பஸ்ல தூக்கம் வந்தா."

"மிஸ் சிரிப்பாங்க." கொஞ்சம் யோசித்தாள். என் கையைப் பிடித்து, துணியை அதற்குள் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மூடினாள். "நீ வச்சிக்கோ. அழுகை வந்தா புடிச்சிக்கோ."

கையெழுத்துப் போட்டுவிடுவேன். என் கணவர் பேனாவைத் திறந்தே வைத்திருக்கிறார். எனக்கு வேண்டிய யோசனை வேறு. பிள்ளையை முதல்முறை தனியாக அனுப்பிய தாய்மார்கள் யாராவது எழுதுங்கள். பஸ் கிளம்பியதிலிருந்து அந்தப் பதினோரு மணி நேரத்தை எப்படிக் கடத்தினீர்கள்?

இன்னொன்றும் சொல்லுங்கள். மாலையில் அவள் வேறு ஏதோ வாடையோடு பஸ்ஸிலிருந்து இறங்குவாள். நான் ஓடிப்போய்த் தூக்கிவிடட்டுமா? இல்லை, அவளே என்னைப் பார்த்து வரும்வரை நின்ற இடத்திலேயே நிற்கட்டுமா?